ஒரே ஆங்கிலச் சொல், பல ஸ்பானிஷ் வினைகள்: மலையகத்து கைடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் பக்கத்தில் கொழுந்து பறிப்பதை ஆங்கிலத்தில் ‘ப்ளக்’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஹப்புத்தளைப் பாதையில் ஒரு தம்பி ஸ்பெயினிலிருந்து வந்த தம்பதிக்கு மலையைக் காட்டி, “லாஸ் முஹேரெஸ் தெஸ்ப்லூமான் எல் தே” என்றார். உச்சரிப்பு சரி, இலக்கணமும் சரி. ஆனால் அந்த வாக்கியத்தின் பொருள், “பெண்கள் தேயிலையின் இறகைப் பிடுங்குகிறார்கள்”. அகராதியில் ‘ப்ளக்’ என்பதற்கு முதலில் இருந்த சொல்லை எடுத்திருந்தார். அது கோழிக்கு இறகு பிடுங்குவதற்கான சொல்.

எல்ல, ஹப்புத்தளை, நுவரெலியா பக்கம் கைடு வேலை பார்க்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஸ்பானிஷ் பழகியதில், இலக்கணப் பிழையை விட இந்த வகைப் பிழையைத்தான் நான் அதிகம் பார்த்தேன். ஆங்கிலத்தின் ஒரு வினை ஸ்பானிஷில் நாலாகப் பிரியும். அந்த நாலில் மூன்றைத் தமிழ் ஏற்கனவே பிரித்து வைத்திருக்கும். நாம்தான் தமிழைத் தாண்டிக் குதித்து, ஆங்கிலத்திலிருந்து நேராக ஸ்பானிஷுக்குப் போகிறோம். கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். வரிசை மாறினால் பலன் குறையும்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு கொப்பி. நடுவில் கோடு போட்டு இடது பக்கம் தமிழ், வலது பக்கம் ஸ்பானிஷ். ஆங்கிலத்துக்கு அதில் இடம் வேண்டாம். ஆங்கிலச் சொல் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் மனம் திரும்பத் திரும்ப அதையே பிடித்துக்கொள்ளும்.

இரண்டு அகராதிகள். ஒன்று, எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு கூடிய ஆங்கில–ஸ்பானிஷ் அகராதி. மற்றது ரெயால் அகாதேமியா எஸ்பஞோலாவின் ஸ்பானிஷ்–ஸ்பானிஷ் அகராதி. இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். இரண்டாவது எதற்கு என்று ஆறாம் படியில் புரியும்.

வினைகளின் நிகழ்காலத்தில் ‘நான்’, ‘நாம்’, ‘நீங்கள்’, ‘அவர்கள்’ என்ற நான்கு வடிவங்கள் தெரிந்தால் போதும். விருந்தினரை ‘உஸ்தெத்’ என்றே அழைக்கத் தொடங்குங்கள், அதுதான் நம் ‘நீங்கள்’. அதற்கும் ‘அவர்’ என்பதற்கும் வினை வடிவம் ஒன்றுதான், ஒரு வேலை மிச்சம்.

ஒலியைப் பற்றிக் கொஞ்சம். ஸ்பானிஷ் ‘த’ நம் ‘த’வேதான், நாக்கு பல்லைத் தொடும். ‘ஞ’வும் அப்படியே. இங்கே ‘ப’ என்ற எழுத்து ‘பல்’ ஒலிக்கும் ‘பஸ்’ ஒலிக்கும் பொதுவாக வருகிறது, பதிவுகளைக் கேட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள். ‘ஸ’ என்று நான் எழுதியிருக்கும் சில இடங்களில் ஸ்பெயின்காரர்கள் நாக்கைப் பல்லிடையே வைப்பார்கள். லத்தீன் அமெரிக்கக்காரர்கள் வெறும் ‘ஸ’ என்பார்கள். எப்படிச் சொன்னாலும் புரியும்.

2. சொல்லைத் தேடாதீர்கள், வாக்கியத்தை எழுதுங்கள்

“அக்கா, ‘டேக்’ என்றால் ஸ்பானிஷில் என்ன?” என்னிடம் அதிகம் வந்த கேள்வி இது. இதற்குப் பதிலே கிடையாது. படம் எடுப்பதா, கோச்சியில் (ரயிலில்) போவதா, ஆளைக் கூட்டிப் போவதா, நேரம் ஆவதா என்று தெரியாமல் யாராலும் சொல்ல முடியாது.

அதனால் முதல் வேலை, நீங்கள் நாளைக்கு உண்மையாகவே சொல்லப்போகும் வாக்கியத்தை முழுசாக எழுதுவது. யார், எதை, யாருக்கு, எங்கே என்று எல்லாம் அதில் இருக்கட்டும். வினையின் பொருளைத் தீர்மானிப்பது அக்கம்பக்கத்தில் இருக்கும் சொற்கள்தான்.

புதியவர்கள் செய்யும் தவறு, இருபது ஆங்கில வினைகளைப் பட்டியல் போட்டு எதிரே ஒவ்வொரு ஸ்பானிஷ் சொல்லை எழுதி மனப்பாடம் செய்வது. அந்தப் பட்டியல் மூன்று வாரத்தில் மறந்துவிடும். மறக்காவிட்டால் இன்னும் சிக்கல்.

3. அதே வாக்கியத்தை வீட்டில் பேசுகிற மாதிரி சொல்லுங்கள்

இதுதான் இந்த முறையின் உயிர். புத்தகத் தமிழ் வேண்டாம், அறிவிப்புப் பலகைத் தமிழும் வேண்டாம். அம்மாவிடம் சொல்வது போலச் சொல்லுங்கள். ‘டேக்’ உடனே பிரிந்துவிடும்.

“ஒரு படம் எடுக்கவா?” இதற்கு ஸக்கார். ‘புவேதோ ஸக்கார் ஊனா ஃபோதோ?’

“கோச்சியில போறோம்.” இதற்கு தொமார். ‘தொமாமோஸ் எல் த்ரென்.’

“உங்கள லிப்டன் சீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்.” இதற்கு யெபார். ‘லோஸ் யேபோ ஆ லிப்டன் சீட்.’

“கோச்சிக்கு மூணு மணி நேரம் ஆகும்.” இதற்கு தர்தார். ‘எல் த்ரென் தார்தா த்ரெஸ் ஓராஸ்.’

பாருங்கள், எடு, போ, கூட்டிப் போ, ஆகு. நாலு வாக்கியம், நாலு தமிழ் வினை, நாலு ஸ்பானிஷ் வினை. இங்கே ஒரு எச்சரிக்கை: “கோச்சியை எடுத்தோம்”, “மூணு மணி நேரம் எடுக்கும்” என்று சொல்லிப் பழகியவர்களுக்கு இந்தப் படி வேலை செய்யாது. அது தமிழ் எழுத்தில் இருக்கும் ஆங்கிலம். வீட்டுப் பேச்சு என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

‘லீவ்’ என்ற சொல்லையும் இப்படியே பிரித்துப் பாருங்கள். கோச்சி ஒன்பது மணிக்குப் புறப்படுகிறது என்றால் ஸலீர்: ‘எல் த்ரென் ஸாலே ஆ லாஸ் நுவேபே’. ஃபோனைக் கோச்சியில் விட்டுட்டேன் என்றால் தெஹார்: ‘தெஹே எல் தெலேஃபோனோ என் எல் த்ரென்’. நான் கிளம்புறேன் என்றால் ஈர்ஸே: ‘மே போய்’. பாண் மிச்சம் இல்லை என்றால் கெதார்: ‘நோ கேதா பான்’. (‘ப்ரெட்’டுக்கு நாம் சொல்லும் பாண் என்ற சொல் போர்த்துக்கேயரிடமிருந்து நமக்கு வந்தது. ஸ்பானிஷ் ‘பான்’ அதற்குக் கூடப்பிறந்தது. சாப்பாட்டு மேசையில் இந்த ஒரு சொல்லை யாரும் மறந்து நான் பார்த்ததில்லை.)

‘மிஸ்’ ஆபத்தானது. கோச்சியைத் தவறவிட்டால் பெர்தேர்: ‘பெர்தீ எல் த்ரென்’. ஒரு பெட்டி குறைந்தால் ஃபல்தார்: ‘ஃபால்தா ஊனா மலேதா’. அம்மா நினைவாகவே இருக்கிறது என்றால் எச்சார் தெ மேனோஸ்: ‘ஏச்சோ தெ மேனோஸ் ஆ மி மாத்ரே’. அம்மாவுக்குப் போய் பெர்தேர் போட்டால் அம்மாவைப் பறிகொடுத்ததாகிவிடும். கொழும்பில் வேலை செய்யும் ஒரு தங்கச்சி அப்படிச் சொல்லப்போய், கேட்டவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொல்லத் தொடங்கிவிட்டார்.

தமிழின் தன்வினை–பிறவினை இரட்டைகளும் கை கொடுக்கும். ‘ரிட்டர்ன்’ என்பது திரும்புவதா, திருப்புவதா? திரும்பி வந்தால் போல்பேர், திருப்பிக் கொடுத்தால் தெபோல்பேர். நமக்கு இது சின்ன வயதிலிருந்தே காதில் இருக்கும் வித்தியாசம்.

‘ப்ளே’ பெரும்பாலும் தொல்லை தராது. கிரிக்கெட் விளையாடினால் ஹுகார், குழல் வாசித்தால் தொக்கார். திருவிழாவில் தப்பு அடிப்பதை விளக்கும்போது மட்டும் ‘அடி’ என்ற தமிழ்ச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ‘பெகார்’ என்று சொல்லிவிடாதீர்கள், அது ஆளை அடிப்பது. வாத்தியம் எதுவானாலும் தொக்கார்.

4. தமிழே காலை வாரிவிடும் ஐந்து இடங்கள்

சில வினைகளில் தமிழும் ஆங்கிலத்தைப் போலவே, சில சமயம் அதைவிடவும் அதிகமாக, பல பொருளை ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறது. இவற்றைத் தனியாகப் படிக்க வேண்டும். அவசரப்படாமல் ஒரு நாளைக்கு ஒன்றாக எடுங்கள்.

கேள்

தண்ணி கேட்டாங்க, நேரம் கேட்டாங்க, சத்தம் கேட்டுச்சு, பாட்டு கேட்டோம். தமிழில் எல்லாம் ‘கேள்’. ஸ்பானிஷில் நாலும் வேறு.

முதலில் ஒரு கேள்வி போடுங்கள்: கேட்டவருக்கு வேண்டியது தகவலா, இல்லை பொருளோ காரியமோவா? தகவல் என்றால் ப்ரெகுந்தார்: ‘ப்ரெகுந்தான் லா ஓரா’, நேரம் கேட்கிறார்கள். பொருளோ காரியமோ என்றால் பெதீர்: ‘பீதென் ஆகுவா’, தண்ணி கேட்கிறார்கள். உதவி, அனுமதி, தள்ளுபடி எல்லாம் காரியம், அதனால் பெதீர். சாப்பாட்டுக் கடையில் ‘ஆர்டர்’ கொடுப்பதும் பெதீர்தான். பெதீர் சொல்லும்போது ‘பெ’ என்பது ‘பீ’ ஆக மாறும்: பீதோ, பீதே, பீதென்.

அடுத்து, காது சம்பந்தப்பட்ட ‘கேள்’. ‘எனக்குக் கேக்குது’ என்று தானாகக் காதில் விழுந்தால் ஒயீர்: ‘ஒய்கோ எல் த்ரென்’, கோச்சிச் சத்தம் கேட்குது. நாமே காது கொடுத்துக் கேட்டால் எஸ்குச்சார்: ‘எஸ்கூச்சே’, கேளுங்க. ‘எனக்கு’ வருகிறதா, ‘நான்’ வருகிறதா என்று பார்த்தாலே போதும். லத்தீன் அமெரிக்கக்காரர்கள் ஃபோனில் “சத்தம் கேட்கவில்லை” என்பதற்கும் எஸ்குச்சார் போடுவார்கள். அதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம்.

தெரியும்

எனக்கு நீந்தத் தெரியும், அவர் எங்கே என்று தெரியும், கண்டி தெரியும், அந்த ஆளைத் தெரியும். முதல் இரண்டும் ஸபேர், அடுத்த இரண்டும் கொனொஸேர்.

சோதனை இது: ‘தெரியும்’ என்ற இடத்தில் ‘பழக்கம்’ என்று போட்டுப் பாருங்கள். “கண்டி எனக்குப் பழக்கம்”, “அந்த ஆள் எனக்குப் பழக்கம்” என்று பொருந்தினால் கொனொஸேர். “அவர் எங்கே என்று பழக்கம்” என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அது ஸபேர். செய்யத் தெரிந்த கைவேலைக்கு மட்டும் இந்தச் சோதனை வேண்டாம், அது எப்போதும் ஸபேர்தான்: ‘ஸே நதார்’.

ஒரு ஊரைப் பற்றி ‘கொனொஸே நுவரெலியா?’ என்று கேட்டால், பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா என்பதை விட, போய்ப் பார்த்திருக்கிறீர்களா என்றே விளங்கிக்கொள்வார்கள். அங்கே ‘ஸாபே’ போடக்கூடாது. ஆனால் தேயிலை ருசி பார்க்கும் இடத்தில் ஸபேர் வேறு வேலைக்கு வரும். ‘எல் தே ஸாபே ஆ லிமோன்’ என்றால் தேத்தண்ணியில் எலுமிச்சை ருசி இருக்கிறது என்று பொருள்.

இரு

இதில்தான் அதிகம் நேரம் செலவழியுங்கள். நம் ‘இருக்கு’ ஸ்பானிஷில் எஸ்தார், ஸேர், ஆய், தெனேர், ஆஸே என்று சிதறும்.

முதல் வழிகாட்டி, தமிழில் வினையே வராத வாக்கியம். “நான் கைடு”, “அவர் டாக்டர்”, “இது கறுவா”. இங்கே ஸேர்: ‘ஸோய் கீயா’, ‘எஸ் கனேலா’. தமிழில் இல்லாத வினைக்கு ஸ்பானிஷில் ஸேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இடத்தைச் சொல்லும் ‘இருக்கு’ எஸ்தார். ஒன்பது வளைவுப் பாலத்தை வைத்துப் பழகுங்கள். பாலம் எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவில் இருக்கிறது: ‘எல் புவெந்தே எஸ்தா என்த்ரே எல்ல இ தெமோதர’. அதே பாலம் 1921ஆம் ஆண்டுப் பாலம்: ‘எல் புவெந்தே எஸ் தெ 1921’. ஒரே பாலம், இருக்கும் இடத்துக்கு எஸ்தா, அதன் அடையாளத்துக்கு எஸ்.

“இங்கே கடை இருக்கா?” என்று ஏதாவது ஒரு கடையைக் கேட்டால் ஆய். “அந்தக் கடை எங்கே இருக்கு?” என்று குறிப்பிட்ட கடையைக் கேட்டால் எஸ்தா. தமிழில் ‘அந்த’ வந்தால் எஸ்தார் பக்கம் போங்கள்.

அப்புறம் குளிர். நம் ஊரில் விருந்தினர் முதலில் பேசுவதே இதைத்தான். ஆங்கிலத்தில் ஆள், வானிலை, தேத்தண்ணி மூன்றுக்கும் ஒரே வினை. வீட்டுத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: எனக்குக் குளிருது, வெளிய குளிரா இருக்கு, தேத்தண்ணி ஆறிப்போச்சு. மூன்றும் எவ்வளவு வேறு! ஸ்பானிஷிலும் அப்படியே. ‘தெங்கோ ஃப்ரியோ’, ‘ஆஸே ஃப்ரியோ’, ‘எல் தே எஸ்தா ஃப்ரியோ’. நமக்கு நேர்வது ‘எனக்கு’ என்று வந்தால் தெனேர்: பசி, தாகம், பயம், தூக்கம் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். ‘ஸோய் ஃப்ரியோ’ என்று சொன்னால் நான் ஈரமில்லாத மனிதன் என்று அர்த்தம். வெல்லவாய பக்கம் இறங்கியதும் வெயில் ஏறும், அங்கே ‘எஸ்தோய் கலியெந்தே’ என்று சொல்லவே கூடாது. அது உடல் இச்சையைக் குறிக்கும். ‘தெங்கோ கலோர்’ என்பதே சரி.

பாலம் உயரமாக இருக்கு, மலை அழகாக இருக்கு என்று குணத்தைச் சொல்லும்போதும் தமிழில் ‘இருக்கு’ வந்துவிடும். அது நாளைக்கும் மாறாத குணம் என்றால் ஸேர்: ‘எல் புவெந்தே எஸ் அல்தோ’. இப்போதைக்கு இருக்கும் நிலை என்றால் எஸ்தார்: பாதை ஈரமாக இருக்கு, ‘எல் கமீனோ எஸ்தா மொஹாதோ’.

வா

விருந்தினர் கூப்பிட்டால் “இந்தா வாரேன்” என்போம். தமிழில் கேட்பவர் பக்கம் போவதும் ‘வருவது’தான். ஸ்பானிஷில் பெனீர் என்பது பேசுபவர் இருக்கும் இடத்துக்கு வருவது மட்டும். நீங்கள் அவரிடம் போகிறீர்கள், அதனால் ஈர்: ‘யா போய்’. எழுத்தில் வேறு மாதிரி இருந்தாலும் அந்தச் சொல்லின் முதல் ஒலி ‘பஸ்’ஸின் ‘ப’தான். தமிழில் எழுதினால் ‘போய்’ என்றே வருகிறது. போகிறவன் ‘போய்’ என்று சொல்லட்டும், இதை விட நல்ல ஞாபகக் குறி எனக்குக் கிடைக்கவில்லை.

காலை ஆறு மணிக்கு ஹோட்டலுக்கு வாரேன் என்று ஃபோனில் சொல்வதும் அப்படியே: ‘போய் அல் ஒதெல் ஆ லாஸ் ஸெயிஸ்’.

கொண்டு வருவதும் இதே கணக்கு. மேசைக்குப் பக்கத்தில் நின்று “தண்ணி கொண்டு வாரேன்” என்றால், நீங்கள் இப்போது நிற்கும் இடத்துக்கே கொண்டு வரப் போகிறீர்கள், அதனால் த்ராயேர்: ‘ஸே லா த்ராய்கோ’. கீழே வரவேற்பில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு “ரூமுக்குக் கொண்டு வாரேன்” என்றால் யெபார்: ‘ஸே லா யேபோ’. பேசும் நேரத்தில் உங்கள் கால் எங்கே நிற்கிறது என்று பாருங்கள், அதுதான் தீர்ப்பு.

வேலை செய்

ஆள் வேலை செய்தால் த்ரபஹார். ஹீட்டர் வேலை செய்யவில்லை என்றால் ஃபுன்ஸியொனார்: ‘நோ ஃபுன்ஸியோனா’. மெஷினுக்கு த்ரபஹார் போடாதீர்கள்.

5. வினைக்கு அடுத்து வரும் பெயரைப் பாருங்கள்

தமிழில் பிரித்தாயிற்று என்றால், அந்த வினை எதன் மேல் விழுகிறது என்று பார்ப்பது அடுத்த வேலை. ஸ்பானிஷ் வினைகள் தம் பெயர்ச்சொற்களைத் தேர்ந்தெடுத்துத்தான் பழகும்.

தேயிலை மலையையே எடுங்கள். கொழுந்து பறிப்பது ரெகொஹேர் அல்லது ரெகொலெக்தார்: ‘லாஸ் முஹேரெஸ் ரெகோஹென் லாஸ் ஓஹாஸ் தெ தே’. கவ்வாத்து வெட்டுவது பொதார், கொர்தார் என்ற பொதுவான ‘வெட்டு’ அல்ல. ஃபாக்டரியில் தூளைத் தரம் பிரிப்பது க்லஸிஃபிகார். தூளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் எலெஹீர். ஆங்கிலத்தில் ‘பிக்’, ‘கட்’, ‘சார்ட்’ என்று மூன்று சொல்லை வைத்துக்கொண்டு ஓட்டிவிடலாம், ஸ்பானிஷில் ஓடாது. ரெகொஹேருக்கு இன்னொரு வேலையும் உண்டு: நானுஓயா ஸ்டேஷனில் விருந்தினரை ஏற்றிக்கொள்வதும் அதே வினை.

‘சேவ்’ என்றால் உயிரையா, காசையா, ஃபோன் நம்பரையா? உயிர் என்றால் ஸல்பார், காசு என்றால் அஒர்ரார், நம்பர் என்றால் குவர்தார். சாப்பாட்டை எடுத்து வைப்பதும் குவர்தார்.

குறிப்பிட்ட ஓர் ஆளின் மேல் வினை விழுந்தால் நடுவில் ‘ஆ’ வரும்: ‘கொனொஸ்கோ ஆ ஸு அமீகோ’, உங்கள் நண்பரைத் தெரியும். தமிழில் ஆளுக்கு ‘ஐ’ கட்டாயம், பொருளுக்குப் பெரும்பாலும் விட்டுவிடுவோம். பால் குடித்தான் என்போம், தம்பி கூப்பிட்டான் என்றால் பொருளே மாறிவிடும், தம்பியைக் கூப்பிட்டான் என்றுதான் சொல்ல வேண்டும். ஸ்பானிஷ் ‘ஆ’வும் ஏறக்குறைய அதே உணர்வு. இதை விட்டுவிடுவது சின்னப் பிழை என்று நினைக்காதீர்கள், காதுக்கு உறுத்தும்.

6. அகராதியை முதல் சொல்லோடு மூடாதீர்கள்

இப்போதுதான் அகராதி. இதுவரை திறக்கச் சொல்லாததற்குக் காரணம், எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் போனால் முதலில் இருப்பதுதான் கையில் வரும்.

‘ப்ளக்’ என்ற பதிவில் என்ன இருக்கும்? கோழிக்கு தெஸ்ப்லுமார், புருவத்துக்கு தெபிலார், கிட்டார் நரம்புக்கு புந்தெயார், பிடுங்கி எடுப்பதற்கு அர்ரங்கார், பூவுக்கோ காய்க்கோ வேறு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எதற்குரியது என்ற குறிப்பு இருக்கும். நம்மில் பலர் அந்தக் குறிப்பைப் படிப்பதில்லை. சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடுகிறோம். குறிப்பைப் படித்து, உங்கள் வாக்கியத்தில் இருக்கும் பெயரோடு பொருத்துங்கள்.

பிறகு திருப்பித் தேடுங்கள். கிடைத்த ஸ்பானிஷ் சொல்லை ஸ்பானிஷ்–ஸ்பானிஷ் அகராதியில் போடுங்கள். தெஸ்ப்லுமார் என்று போட்டால் பறவையின் இறகை நீக்குவது என்று முதல் வரியிலேயே வந்துவிடும். ஒருவரிடமிருந்து காசையெல்லாம் கறந்துவிடுவது என்ற பேச்சு வழக்குப் பொருளும் உண்டு. விளக்கம் முழுவதும் புரியாவிட்டாலும் பரவாயில்லை. ‘ஆபே’ என்று பறவையைக் குறிக்கும் சொல்லைப் பார்த்தாலே இது தேயிலைக்கு ஆகாது என்று தெரிந்துவிடும். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் எந்தப் புதிய வினையையும் விருந்தினரிடம் கொண்டு போகாதீர்கள்.

7. வினையோடு ஒட்டி வருவதையும் சேர்த்துப் படியுங்கள்

ஆங்கிலத்தின் ‘ஃபார்’ நம்மை அதிகம் ஏமாற்றும். தண்ணி கேட்பது, கோச்சிக்குக் காத்திருப்பது, கடையைத் தேடுவது மூன்றிலும் ஆங்கிலத்தில் அது வரும். ஸ்பானிஷில் பெதீர், எஸ்பெரார், புஸ்கார் மூன்றுக்கும் எதுவும் ஒட்டாது: ‘எஸ்பேரோ எல் த்ரென்’. அங்கே ‘போர்’ போட்டால் பிழை. ‘ப்ரெகுந்தார் போர்’ என்றால் ஒருவரைப் பற்றி விசாரிப்பது.

‘ஸே’ என்ற ஒட்டு புதியவர்களைப் பயமுறுத்தும். நம் ‘விட்டது’, ‘போச்சு’ என்ற துணைவினைகளை நினைத்துக்கொள்ளுங்கள். போனார்கள், போயிட்டாங்க: ஈர், ஈர்ஸே. தூங்கினான், தூங்கிப்போயிட்டான்: தொர்மீர், தொர்மீர்ஸே. கிளாஸ் கைதவறி விழுந்துட்டுது: ‘ஸே மே கயோ எல் பாஸோ’. எல்லா ‘ஸே’வுக்கும் இது பொருந்தாது, முகம் கழுவுவது, பெயர் சொல்வது போன்றவை வேறு கணக்கு. ஆனால் தொடக்கத்தில் இந்த ஒரு பிடி போதும்.

8. விருந்தினர் எந்த நாட்டுக்காரர் என்று கேளுங்கள்

‘தெ தோந்தே எஸ் உஸ்தெத்?’ இதை முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஸ்பெயினில் கோச்சியில் போவதற்கு கொஹேர் என்று சாதாரணமாகச் சொல்வார்கள். அதே சொல் மெக்சிகோவிலும் ஆர்ஜென்டினாவிலும் உடலுறவைக் குறிக்கும் கொச்சைச் சொல். தொமார் எங்கேயும் செல்லும், அதனால் நான் கொஹேரைச் சொல்லித்தருவதே இல்லை. கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், அவ்வளவுதான்.

ரெகொஹேரிலும் கொஹேர் ஒலிப்பதால், ஆர்ஜென்டினாக்காரர்களிடம் கொழுந்து பறிப்பதைச் சொல்லும்போது ரெகொலெக்தார் அல்லது கொஸெச்சார் என்று போனால் நல்லது.

வண்டி ஓட்டுவது ஸ்பெயினில் கொந்துஸீர், லத்தீன் அமெரிக்காவின் பல நாடுகளில் மனெஹார். த்ரீவீல் ஓட்டும் அண்ணன்மார் இரண்டையும் தெரிந்து வைத்திருங்கள். ஏங்குவது ஸ்பெயினில் எச்சார் தெ மேனோஸ், லத்தீன் அமெரிக்காவில் எக்ஸ்த்ரஞார்.

9. வாக்கியமாக எழுதி வைத்து, பதிலில் வரும் வினையைப் பிடியுங்கள்

கொப்பியில் வினையை மட்டும் எழுதாதீர்கள். இடது பக்கம் “ஷவர் வேலை செய்யல”, வலது பக்கம் ‘லா துச்சா நோ ஃபுன்ஸியோனா’ போல, நீங்கள் அன்றைக்குச் சொன்ன வாக்கியம் அப்படியே இருக்கட்டும். வாய்க்குப் பழகுவது வாக்கியம்தான். ஒரு நாளைக்கு மூன்று போதும்.

பிறகு விருந்தினரிடம் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்காதீர்கள், வினையைக் கேளுங்கள். மரியாதையான மனிதர்கள் பிழையைச் சுட்டிக்காட்ட மாட்டார்கள். நீங்கள் சொன்னதையே சரியான வினையோடு திருப்பிக் கேட்பார்கள். அந்தத் தம்பி தெஸ்ப்லூமான் என்று சொன்னபோதும் அந்த அம்மா சிரிக்கவில்லை. “ஆ, லோ ரெகோஹென் ஆ மானோ?” என்றுதான் கேட்டார். “கையாலேயா பறிக்கிறார்கள்?” சரியான வினை அதிலேயே இருந்தது. தம்பி “ஸி, ஸி” என்று தலையாட்டிவிட்டு மேலே நடந்துவிட்டார். அந்த இடத்தில் ஒரு நொடி நின்று, அவர்கள் சொன்ன வினையோடு முழு வாக்கியத்தையும் ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்கள்: ‘ஸி, லோ ரெகோஹென் ஆ மானோ’. அன்று இரவே கொப்பியில் பழைய வரியை அடித்துவிட்டு இதை எழுதுங்கள்.